வறட்சி தாங்கும் விதை கடையிலா, நம் காட்டிலா?

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காகத் தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஊக்குநர் அல்லது படிக்கத் தெரிந்த ஒருவர் இதை வாசித்துக் காட்டலாம்.)



சேமிப்பு, சந்தா, வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்தாச்சு. அடுத்து விதையைப் பற்றிப் பேசப் போகிறோம். "குழுக் கூட்டத்தில் விதைக்கு என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நம் தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் கொடுத்த உள்கடன்களில் எத்தனை இடத்தில் "விதை வாங்க" என்று எழுதியிருக்கிறது! நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் விதைக்குத்தான் போகிறது. அப்படியென்றால் விதையைப் பற்றித் தெரிந்துகொள்வதும் குழுவின் வேலைதான்.

போன புரட்டாசியில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வியாபாரி வண்டியில் வந்து மல்லி விதை விற்றார். "இது வறட்சி ஜீன் போட்ட விதை. மழையே பெய்யாட்டியும் காய்க்கும்" என்றார். சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு. ரசீது கேட்டதற்கு "அடுத்த தடவை தாரேன்" என்றார். நம் உறுப்பினர்கள் சிலர் உள்கடன் எடுத்து வாங்கினார்கள். ஐப்பசியில் விதைத்தோம். கார்த்திகையில் மழை நின்று போனது. அந்த மல்லியும் பக்கத்துப் புஞ்சை மல்லியும் ஒரே மாதிரிதான் வாடியது. விதை போனது, கடன் நின்றது. 5,000 ரூபாய்க்கு 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால், 5 மாதத்துக்கு வட்டி மட்டும் 250 ரூபாய்.

இந்த வருசமும் அந்த வண்டி வரும். அதனால்தான் ஒரு குழுவின் பிரதிநிதி எங்களிடம் நேராகவே கேட்டார்: "அப்படி ஒரு விதை உண்டா இல்லையா? உண்டுன்னா கடன் கொடுப்போம். இல்லைன்னா கொடுக்க மாட்டோம்னு தீர்மானம் போடுவோம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." நல்ல கேள்வி. பதில் சொல்ல, செடிக்குள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செடி வறட்சியைச் சமாளிக்கும் மூன்று வழிகள்

நாம் "வறட்சி தாங்கும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். செடி அதை மூன்று விதமாகச் செய்கிறது.

ஒன்று, தப்பித்தல். மழை முடிந்து மண் காய்வதற்குள் பூத்து, காய்த்து, வேலையை முடித்துக்கொள்வது. நம் கரிசலில் மானாவாரி மல்லி பெரும்பாலும் இந்த வழியில்தான் பிழைக்கிறது. ஐப்பசி மழையில் முளைத்து, மண்ணுக்குள் இருக்கும் ஈரம் தீருவதற்குள் காய் முற்ற வேண்டும். பத்து நாள் முந்திப் பூக்கும் செடிக்கு அந்தப் பத்து நாள்தான் உயிர்.

இரண்டு, தவிர்த்தல். தண்ணிக் குறை உடம்புக்குள் வராமல் பார்த்துக்கொள்வது. வேரை ஆழமாக இறக்கி அடி ஈரத்தை எடுக்கலாம். அல்லது செலவைக் குறைக்கலாம். இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கின்றன. அதன் வழியாகத்தான் செடி காற்றை எடுக்கிறது. தண்ணீரும் ஆவியாகி அதன் வழியேதான் போகிறது. மண் காய்ந்தால் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஒரு பொருள் கூடும். அது "கதவை மூடு" என்று சொல்வதைப் போல. உடனே இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். நம் வேலியோரத்துக் கற்றாழை இதில் கெட்டிக்காரி. பகலில் துளையை மூடிவைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இரவில் திறந்து காற்றை எடுத்துச் சேமித்துக்கொள்ளும். பகலில் அந்தச் சேமிப்பை வைத்துச் சமையல் நடக்கும்.

மூன்று, தாங்குதல். உடம்புக்குள்ளேயே தண்ணி குறைந்த பிறகும் சாகாமல் இருப்பது. இதற்குச் செடி சில சர்க்கரைகளையும் புரோலின் போன்ற பொருள்களையும் செல்லுக்குள் சேர்த்து வைக்கும். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும், உள்ளிருக்கும் உறுப்புகள் சிதையாமல் காக்கும்.

மூன்றுக்கும் விலை உண்டு, சகோதரிகளே. சீக்கிரம் பூக்கும் செடி, நல்ல மழை வருசத்தில் குறைவாகத்தான் காய்க்கும். துளையை மூடிவைத்த செடி தண்ணியை மிச்சப்படுத்தும், ஆனால் காற்று கிடைக்காததால் வளர்ச்சி நின்றுவிடும். நித்யகல்யாணி, நிலாவாரை போன்ற மூலிகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அளவான வறட்சியில் நித்யகல்யாணி போன்ற சில மூலிகைகளில் மருந்துச் சத்து கூடுவது உண்டு. ஆனால் இலையின் எடை குறையும். வியாபாரி நமக்கு எடைக்குத்தானே காசு தருகிறார்? ஆகவே "செடி பிழைத்தது" என்பது வேறு, "நமக்கு வீட்டுக்கு வந்தது" என்பது வேறு. நாம் தேட வேண்டியது பஞ்சத்திலும் ஏதாவது மணியைத் தரும் செடியை. வெறுமனே பச்சையாக நிற்கும் செடி நமக்குப் போதாது.

மரபணு என்பது என்ன?

இந்தக் குணமெல்லாம் செடிக்கு எங்கிருந்து வருகிறது? விதைக்குள் எழுதியிருக்கிறது. நம் குழுவின் தீர்மான நோட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு தீர்மானமும் ஒரு மரபணு. மரபணு என்பதைத்தான் ஜீன் என்கிறார்கள். வேர் எப்படிப் போக வேண்டும், பூ எப்போது வர வேண்டும், துளையை எப்போது மூட வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. மல்லிக்கு இந்த நோட்டு 11 பாகமாக இருக்கிறது. ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு பிரதி. ஒன்று தாய்ச்செடி கொடுத்தது, ஒன்று மகரந்தம் கொடுத்த தகப்பன் செடி தந்தது. மொத்தம் 22. மல்லியின் முழு நோட்டையும் விஞ்ஞானிகள் 2020-ல் படித்து வெளியிட்டார்கள்.

நோட்டில் இருக்கிற எல்லாத் தீர்மானமும் எப்போதும் நடப்பில் இருக்காது. தேவைப்படும்போதுதான் செடி அந்தப் பக்கத்தைத் திறக்கும். பக்கத்தைத் திறந்து வைப்பதற்கென்றே சில தலைமை மரபணுக்கள் உண்டு. 1998-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் களைச்செடியில் அப்படிப்பட்ட மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். அதற்கு டிரெப் என்று பெயர். வறட்சி வந்ததும் இது பல மரபணுக்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். "அப்போ இதை எப்பவும் விழித்தே இருக்க வைத்தால் என்ன?" என்று செய்து பார்த்தார்கள். செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் குட்டையாகவே நின்றுவிட்டது. வறட்சி வந்தால் மட்டும் விழிக்கும்படி மாற்றிய பிறகுதான் செடி ஒழுங்காக வளர்ந்தது.

இது நமக்குத் தெரிந்த விசயம்தானே? சேமிப்பு மட்டும் செய்து யாருக்கும் கடனே கொடுக்காத குழு வளருமா? சிக்கனம் தேவைப்படும் நேரத்தில் சிக்கனம், செலவு செய்ய வேண்டிய நேரத்தில் செலவு. செடிக்கும் அதே கணக்கு.

முக்கியமான விசயம் இதுதான். வறட்சி தாங்குவது ஒரே ஒரு மரபணுவின் வேலை கிடையாது. வேருக்குச் சில, பூக்கும் நாளுக்குச் சில, துளைக்குச் சில, சர்க்கரைக்குச் சில என்று பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுக்கின்றன. நெல்லில் வேரை ஆழமாகப் போகச் செய்யும் டிரோ-1 என்ற மரபணுவை 2013-ல் கண்டறிந்து சொன்னார்கள். அது நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் ஆழத்தில் ஈரம் இருந்தால்தான் ஆழமான வேரால் பயன். கீழே பாறை என்றால்? ஒருத்தி மட்டும் ஓடி ஓடி உழைத்தால் குழு நடக்காது, பன்னிரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் கை கொடுத்தால்தான் நடக்கும். விதைக்குள்ளும் அப்படித்தான்.

அந்தப் பாக்கெட் விதை எப்படி?

இப்போது பிரதிநிதி அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். மரபணு மாற்றிய மல்லி விதை எதுவும் இந்தியாவில் அனுமதி பெற்று விற்பனைக்கு வரவில்லை. நம் விவசாயிகள் அனுமதியோடு பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் பி.டி. பருத்தி ஒன்றுதான். 2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மரபணுவைத் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் ஒன்று வறட்சி, உப்பு தொடர்பான ஒரு மரபணுவைத் திருத்திச் செய்தது. ஆனால் அது நெல். மல்லிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எனவே வண்டியில் வந்து "வறட்சி ஜீன் போட்ட மல்லி" என்று யார் விற்றாலும் அது உண்மை இல்லை. "மழையே இல்லாமல் காய்க்கும்" என்பது எந்தப் பயிருக்கும் உண்மை இல்லை.

அதற்காகக் கடை விதையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய முறையில், பொறுக்கித் தேர்ந்தெடுத்து உண்டாக்கிய நல்ல ரகங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4 மல்லி சுமார் 65 முதல் 70 நாளில் வந்துவிடும் குறுகிய கால ரகம். முதலில் சொன்ன "தப்பித்தல்" வழிக்கு இது ஏற்றது. இப்படிப்பட்ட விதையை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்.

1. பையில் அட்டை இருக்கிறதா? சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், சோதனை செய்த தேதி எழுதியிருக்க வேண்டும்.

2. ரசீது தருகிறார்களா? ரசீது இல்லாவிட்டால் முளைக்காத விதைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

3. நாமே முளைப்புப் பார்த்தோமா? 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். மல்லி முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். பொறுமையாக இருந்து எண்ணுங்கள்.

நம் மல்லியில் என்ன இருக்கிறது?

இனி நம் வீட்டுக் குலுக்கையில் இருக்கும் விதைக்கு வருவோம். "அது என்ன, பழைய விதைதானே" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தப் பழைய விதையில்தான் விசயம் இருக்கிறது.

மல்லிப் பூவில் மகரந்தம் முதலில் முற்றும், சூல்முடி பிறகுதான் தயாராகும். தேனீயும் சிறு பூச்சிகளும் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகும். அதனால் ஒரு புஞ்சையில் இருக்கும் மல்லிச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒன்று முந்திப் பூக்கும், ஒன்று பிந்தும். ஒன்றின் வேர் நீளம், ஒன்றின் வேர் பரவல். ஒவ்வொரு செடிக்கும் நோட்டு கொஞ்சம் வேறு. இந்தக் கலவைதான் நம் சொத்து. கலவை இருந்தால்தான் பொறுக்க முடியும்.

கற்றாழையில் இது நடக்காது. பக்கக் கன்றை எடுத்து நடுகிறோம். கன்று தாயின் நகல். ஒரே தாயின் கன்றுகளில் எதைப் பொறுக்கினாலும் அதே குணம்தான்.

இப்போது ஒரு கேள்வி. கொத்தமல்லிக் கட்டு போட்டு சந்தைக்குக் கொண்டுபோகிறோமே, எந்தச் செடியைப் பிடுங்குகிறோம்? (கூட்டத்தில் பல குரல்கள்: "நல்லா செழிப்பா இருக்கிறதைத்தான்!") ஆமாம். செழிப்பானது கட்டுக்குப் போகிறது. நோஞ்சானும் பிந்தியதும் புஞ்சையில் நிற்கிறது. பிறகு அதுதான் பூக்கிறது, அதுதான் காய்க்கிறது, அதுதான் அடுத்த வருச விதை. வருசா வருசம் நல்லதை விற்றுவிட்டு மிச்சத்தை விதைக்கு வைத்தால் விதை எப்படித் தேறும்? இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கையில் காசு வேண்டும், நல்ல கட்டுக்குத்தான் காசு. ஆனால் இதை மாற்ற முடியும். கட்டுக்குப் பிடுங்கும் பகுதி தனி, விதைக்கு விடும் பகுதி தனி என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். விதைப் பகுதியில் நோஞ்சானைப் பிடுங்கிக் கட்டில் சேருங்கள், நல்லதை நிற்க விடுங்கள்.

மண்ணா, விதையா?

"அப்போ நல்லா நிற்கிற செடியில விதை எடுத்தா போதுமா?" என்று கேட்பீர்கள். இதில் ஒரு சூது இருக்கிறது.

டென்மார்க் நாட்டில் யோகான்சன் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஜீன் என்ற சொல்லை 1909-ல் கொடுத்தவரே அவர்தான். அவர் பீன்ஸ் விதையை வைத்து ஒரு சோதனை செய்து 1903-ல் எழுதினார். கலந்து கிடந்த விதையில் பெரியதைப் பொறுக்கி விதைத்தார். அடுத்த தலைமுறையும் பெரிதாக வந்தது. பிறகு ஒரே ஒரு செடியின் வம்சத்தை மட்டும் எடுத்து, அதில் பெரிய விதையையும் சிறிய விதையையும் தனித்தனியாக விதைத்தார். இரண்டிலும் சராசரி ஒன்றாகவே வந்தது. ஏன்? அந்த வம்சத்துக்குள் நோட்டு ஒன்றுதான். ஒன்று பெரிதானதும் ஒன்று சிறிதானதும் உரத்தாலும் இடத்தாலும் வந்த வித்தியாசம். அது பிள்ளைக்குப் போகாது.

நம் புஞ்சையிலும் இதுதான். ஓடைக்கரையில் நிற்கும் மல்லி வாடாது. அது செடியின் திறமை இல்லை, ஓடையின் தயவு. ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் செழிப்பாக இருக்கும். அது புழுக்கையின் தயவு. பக்கத்தில் செடி இல்லாமல் தனியாக நிற்பது இரண்டு செடியின் தண்ணியை ஒன்றாகக் குடிக்கிறது. புஞ்சை முழுக்கப் பார்த்து நல்லதைப் பொறுக்கினால் பள்ளத்துச் செடியைத்தான் பொறுக்குவோம்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 1961-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கார்ட்னர் என்பவர் மக்காச்சோளத்தில் செய்து காட்டியது. மக்காச்சோளமும் மல்லி மாதிரி செடி விட்டுச் செடி மகரந்தம் மாறும் பயிர். புஞ்சையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நல்லதைப் பொறுக்குவது. பள்ளத்துச் செடிக்குப் பள்ளத்துச் செடியோடு போட்டி, மேட்டுச் செடிக்கு மேட்டுச் செடியோடு போட்டி. அப்போதுதான் மண்ணின் தயவு கழிந்து விதையின் திறமை தெரியும்.

விதை பொறுக்கும் முறை

1. விதைப் பகுதியை ஒரே அளவான 20 கட்டமாகப் பிரியுங்கள். குச்சி நட்டு நூல் கட்டினால் போதும். வரப்பு ஓரம், ஓடைக்கரை, கிடை போட்ட இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

2. பூக்கும் முன்பே ஒவ்வொரு கட்டத்திலும் நோஞ்சான் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். இது முக்கியம். பூத்த பிறகு பொறுக்கினால் தாயை மட்டும்தான் பொறுக்குகிறோம். நோஞ்சானின் மகரந்தம் அதற்குள் நல்ல செடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முன்பே பிடுங்கினால் தாய், தகப்பன் இருவரையும் பொறுக்கியதாகும்.

3. மழை நின்று மண் காயும் நாட்களில் உச்சி வெயிலிலும், மறுநாள் காலையிலும் போய்ப் பாருங்கள். மதியம் எல்லாமே கொஞ்சம் வாடும். காலையில் நிமிர்ந்து நிற்பது எது என்று பாருங்கள். அதற்கு ஒரு கலர்த் துணி நாடா கட்டுங்கள். கட்டத்துக்கு 15 செடி வரை கட்டலாம்.

4. வேர் அழுகலோ வாடல் நோயோ இருக்கும் செடியையும், சாம்பல் நோயும் அசுவினியும் மொய்க்கும் செடியையும் விட்டுவிடுங்கள்.

5. அறுவடையில் நாடா கட்டிய செடிகளைத் தனியாகப் பாருங்கள். மணி நிறைந்திருக்கிறதா? பச்சையாக நின்றும் மணி பிடிக்காதது நமக்கு வேண்டாம். கட்டத்துக்கு நல்லதாக 10 செடி. 20 கட்டத்துக்கு 200 செடி. இதற்குக் குறைய வேண்டாம். பத்து இருபது செடியிலிருந்து மட்டும் விதை எடுத்தால் கலவை சுருங்கி, போகப் போக வம்சம் நலிந்துவிடும்.

6. எல்லாச் செடியிலும் ஏறக்குறைய சம அளவு விதை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, இரண்டு வீட்டில் பிரித்து வையுங்கள். உர மூட்டை பக்கத்தில் வைக்காதீர்கள். விதையை இரண்டாக உடைப்பது விதைக்கும் சமயத்தில் மட்டும்.

மானாவாரிக்கு ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதை தேவை. 200 செடியில் அவ்வளவு வராது. அதனால் முதல் வருசம் கிடைத்ததை ஒரு உறுப்பினரின் புஞ்சையில் விதைப் பாத்தியாகப் போட்டுப் பெருக்க வேண்டும். வேறு மல்லிக்குத் தூரமான இடமாகப் பாருங்கள். பெருக்கும்போதும் அதே கட்ட முறையில் பொறுக்குங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

நாங்கள் ஆசை காட்ட வரவில்லை. ஒரே வருசத்தில் மாயம் நடக்காது. பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை என்பதால் முன்னேற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். மூன்று நான்கு வருசம் விடாமல் செய்ய வேண்டும். அந்த முன்னேற்றமும் உண்மையா என்று நாமே சோதிக்க வேண்டும். புஞ்சையில் பட்டை பட்டையாக விதையுங்கள். ஒரு பட்டை பழைய விதை, அடுத்த பட்டை பொறுக்கிய விதை, மறுபடி பழையது, மறுபடி புதியது என்று மும்மூன்று பட்டை. எல்லாவற்றுக்கும் ஒரே உழவு, ஒரே நாளில் களை. அறுவடையில் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். வித்தியாசம் தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, கடனும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய விதையை முழுதாக ஒழித்துவிடாதீர்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதே தூத்துக்குடி மாவட்டத்தில் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கரிசலில் தண்ணி நின்று மானாவாரிப் பயிர்கள் அழுகின. வறட்சிக்கு நல்லதாக இருக்கும் செடி தண்ணி நிற்பதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. எந்த வருசம் எது வரும் என்று தெரியாத நமக்கு, பல குணம் கலந்த விதைதான் காப்பீடு. ஒரு படி பழைய விதையைத் தனியாக வைத்து வருசா வருசம் ஒரு பாத்தியில் புதுப்பியுங்கள்.

விதை வைக்க நமக்கு உரிமை உண்டா?

உண்டு. 2001-ல் வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. நம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனியின் பெயர் பொறித்த பையில் போட்டு அந்த ரகப் பெயரில் விற்கத்தான் கூடாது. எனவே ஒரு குழு இன்னொரு குழுவுக்கு விதை கொடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"மளிகைக்கடையில வாங்குற மல்லியை விதைக்கலாமா?"

முளைக்கலாம். ஆனால் அது எந்த ஊரில் விளைந்தது, எந்தப் பருவத்துக்கு ஏற்றது, எத்தனை வருசம் பழையது என்று யாருக்கும் தெரியாது. குளிர்ப் பிரதேசத்து ரகமாக இருந்தால் நம் மழை முடிந்த பிறகுதான் பூக்கத் தொடங்கும். அவசரத்துக்குக் கீரைப் பாத்தியில் போடலாம், மானாவாரிப் புஞ்சைக்கு வேண்டாம்.

"விதையை மருந்துல ஊற வச்சா வறட்சி தாங்கும்ங்காகளே?"

அது விதைக் கடினப்படுத்துதல். மானாவாரி மல்லிக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைத்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைப்பது. ஆரம்ப நாட்களில் நாற்று தெம்பாக இருக்க உதவும். ஆனால் நோட்டில் எழுத்து மாறாது. அடுத்த வருச விதைக்கு அந்தக் குணம் போகாது. வருசா வருசம் செய்ய வேண்டும்.

"உளுந்துக்கும் இதே முறைதானா?"

உளுந்து பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கரு சேர்ந்துவிடும். அதனால் ஒரு நல்ல செடியின் விதை அதே மாதிரியே வரும். அதில் நல்ல செடிகளைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனி வரிசையில் விதைத்து, எந்த வரிசை நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். வரிசையாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

குழுக்களின் யோசனைக்கு

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்றைப் பற்றிப் பேசி, உங்களுக்குச் சரி என்று பட்டால் தீர்மானம் போடுங்கள்.

• அட்டையும் ரசீதும் இல்லாத விதைக்கு உள்கடன் கொடுப்பதில்லை.

• குழுவுக்கு ஒரு உறுப்பினர் வீதம் விதைப் பகுதி ஒதுக்குவது. அந்தப் பகுதியில் கட்டுக்கு நல்ல செடி பிடுங்காததால் அவருக்கு ஏற்படும் இழப்பைக் குழு பொது நிதியிலிருந்து ஈடு செய்வது. நன்மை எல்லோருக்கும் வரும்போது பாரத்தை ஒருத்தி மட்டும் சுமக்கக் கூடாது.

• பொறுக்கிய விதையைக் கடனாகக் கொடுப்பது. ஒரு படி வாங்கினால் அறுவடையில் ஒன்றரைப் படி திருப்பித் தருவது. நம் பாட்டிமார் காலத்திலிருந்து தெரிந்த கணக்குத்தான்.

கட்டம் பிரிக்கவும் நாடா கட்டவும் எந்தக் குழு கூப்பிட்டாலும் நாங்கள் வருகிறோம். சந்தேகம் இருந்தால் வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்தும் ஆள் அழைத்து வருவோம். செலவு என்று பார்த்தால் கொஞ்சம் நூலும் கிழிந்த சேலைத் துணியும்தான்.

புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வண்டி வருவதற்கு முன் கூட்டம் போட்டுவிடுங்கள்.